இரண்டு தகரம், இரண்டு உப்பு

மாடித் தோட்டம் போடுவதற்கு இப்போது வகுப்பு நடக்கிறதாம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதில் சேர்ந்து, தேங்காய் நார்க் கட்டி, பச்சை வலை, பிளாஸ்டிக் தொட்டி என்று ஓர் ஆட்டோ நிறையக் கொண்டுவந்து இறக்கினாள். மூன்று மாதம் கழித்து, தக்காளி காய்த்திருக்கிறது வந்து பாருங்கள் என்று என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு தக்காளி. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? என் வயதுக்காரர்களான உங்களுக்கு என் சங்கடம் புரியும். நாமெல்லாம் தொட்டி வாங்கிச் செடி வைத்தவர்களா? எது ஓட்டையானதோ அதுதான் தொட்டி.

சிவகாசியில் எங்கள் வீடு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. ஐம்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. வாசலில் இருந்து கொல்லை வரை கல் பாவிய தரை, ஒரு பிடி மண் கிடையாது. அம்மா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். பட்டாசுக்குள் போகும் கலவைக்கு எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர். வீட்டில் இரண்டு பேருக்கும் மருந்து கலக்குவதே பிழைப்பு என்று அம்மா கேலி செய்வாள். ஒருத்தர் கலக்கியதை இன்னொருத்தர் குடித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பார் அப்பா.

கல் தரையிலும் அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. கொல்லையில் பதினான்கு தகரம் வைத்திருந்தாள். பெரும்பாலும் அச்சாபீசில் லேபிள் அடிக்கும் மை வந்த டின்கள். உள்ளே வைக்கோல் போட்டுக் கொளுத்தினால்தான் மை போகும். அப்போது எழும்பும் அந்த நாற்றத்தை இப்போது யாராவது போத்தலில் அடைத்துக் கொடுத்தால் காசு கொடுத்து வாங்குவேன். எவ்வளவு கொளுத்தினாலும் டின்னின் வெளிப்பக்கம் வழிந்த மை போகாது. சிவப்பு வழிந்ததில் கத்தரி, நீலம் வழிந்ததில் மிளகாய், மஞ்சள் வழிந்ததில் தக்காளி. நீளவாக்கில் வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரத்தில் புதினா. பழைய மருந்துக் கிண்ணங்களில் பத்துமணிப்பூ. இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் எனாமல் பெயர்ந்துபோய்த் தூக்கிப் போட்ட, நோயாளிக்குப் படுக்கையிலேயே வைக்கும் பெட்பேன் ஒன்றை மூன்று தடவை லைசால் விட்டுக் கழுவி, அதில் கொத்தமல்லி விதைத்திருந்தாள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அந்தத் துவையலைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மண் அப்பாவின் பொறுப்பு. வெறும் கரிசலைத் தகரத்தில் போட்டால் காய்ந்து சுருங்கிச் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அதனால் ஆனைக்குட்டம் போகிற வழியில் ஆட்டுக்கிடை போட்ட இடத்துப் புழுக்கையும் ஓடை மணலும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். இன்னொன்றும் கொண்டுவருவார், அதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது.

மருந்து கலக்கும் அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. வெடியுப்பை நிறுக்கும்போது தரையில் சிந்தியதைத் திரும்ப அள்ளி மருந்தில் சேர்க்கக்கூடாது. மண்ணோ கல்லோ கலந்திருந்தால் ஆபத்து. சிந்திய வெடியுப்பைக் கூட்டி எடுத்து, தப்பாக அச்சாகிக் கழித்துப் போட்ட லேபிள் காகிதத்தில் மடித்து, வேலைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு சிறங்கை, உள்ளங்கை கொள்ளும் அளவு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றினால் செடி கன்னங்கரேலென்று தழைக்கும். வெடியுப்பு நல்ல உரம் என்பதை யாரும் எங்களுக்கு வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கத்தரிக்காய்க்கு அது தெரியும்.

எங்கள் சபையில் தை மாதம் அறுப்பின் பண்டிகை வரும். முதல் விளைச்சலை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள், பிறகு ஏலம் விடுவார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் புன்செய்க் காடு உள்ளவர்கள் கம்பும் பருத்தியும் கொண்டுவருவார்கள். காடு இல்லாதவர்கள் சந்தையில் வாங்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டு வந்து, தங்கள் தோட்டத்தில் விளைந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். அம்மா மட்டும் டின்னில் காய்த்ததைக் கொண்டுபோவாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை ஒரு விசுவாசிக்கு ஆகாது என்று அப்பா சொல்லுவார்.

அந்த வருடம் புரட்டாசியில், தீபாவளி சீசன் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கம்பெனியில் மருந்து அறை தீப்பிடித்தது. அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கூட வேலை செய்தவருக்கு ஒரு கண் போயிற்று. அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அப்பாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. ஆலயத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். அவரை நான் மாமா என்பேன், அவர் மனைவியை அத்தை என்பேன்.

அம்மா அன்று டியூட்டியில் இருந்தாள். காயம் பட்டவர்களை ஏற்றிய வண்டி வருவதற்கு முன்பே கம்பெனி போர்மேன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அறையில் தீப்பெட்டிக்குப் போடும் உப்பு ஒரு டிரம்மில் இருந்ததாம், அப்பா காலை அவசரத்தில் வெடியுப்புச் சாக்கை விட்டுவிட்டு அந்த டிரம்மில் இருந்து அள்ளிவிட்டாராம். குளோரேட் என்று பெயர் சொல்லும் அந்த உப்பு வெடி மருந்தில் சேரவே கூடாது. பார்வைக்கு இரண்டும் வெள்ளை. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டாள், ஊசி போட்டாள், மூன்று மாதம் சோறு பிசைந்து ஊட்டினாள். என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

யாருமே கேட்கவில்லை. அத்தை எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினார்கள். மாமா ஆலயத்தில் முன்பெஞ்சுக்கு மாறிவிட்டார். குழாயடியில் அப்பாவுக்கு 'உப்ப மாத்துனவரு' என்று பெயராயிற்று. எனக்கு 'உப்ப மாத்துனவரு மக'. கம்பெனி மாமாவுக்குக் கேட்டில் காவல் வேலை கொடுத்தது. அப்பாவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் கொல்லையில் செடிகளுக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எப்போதாவது எனக்குக் கேட்கிற அளவுக்கு, "நானே மாத்தி அள்ளிட்டேனோ என்னமோ" என்பார். அதுதான் கொடுமை. ஊர் சொல்லிச் சொல்லி, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அம்மா வெடியுப்புப் பொட்டலங்களைத் தொடுவதில்லை. மூன்று பொட்டலம் ஒரு பிஸ்கட் டின்னில் அப்படியே கிடந்தன. மார்கழி வந்தது. செடிகள் வாடிச் சோர்ந்து, கத்தரி பூத்த பூவையெல்லாம் உதிர்த்தது. பண்டிகைக்கு ஒரு மாதம்கூட இல்லை. இந்த வருடம் வெறுங்கையோடு போனால் ஆலயத்தில் எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று எனக்குப் பயம். உப்பு ஊற்றினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அம்மா டியூட்டிக்குப் போன ஒரு காலையில், மேலே இருந்த பொட்டலத்தைப் பிரித்து, வாளியில் ஒரு சிறங்கை கரைத்துச் சுவரோரத்துப் பன்னிரண்டு தகரத்துக்கும் ஊற்றினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த மிளகாய்ச் செடி இரண்டுக்கும் வாளித் தண்ணீர் போதவில்லை. நல்லவேளை.

நாலாம் நாள் இலைகளின் ஓரம் மஞ்சளாயிற்று. ஐந்தாம் நாள் வெளுத்தது. அதற்கடுத்த நாள் காலையில் பன்னிரண்டும் காகிதம் மாதிரி நின்றன. கொத்தமல்லியைத் தொட்டால் நொறுங்கிற்று. அம்மா யூனிபாரத்தோடு கொல்லையில் வந்து நின்று பார்த்தாள். அழவில்லை. அப்பாவைப் பார்த்து, "உப்பு ஊத்துனீகளா?" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று சொல்லவில்லை.

"சொல்லுங்க. அந்த எழவு உப்ப எடுத்து ஊத்துனீகளா? அங்கன ஒருத்தரு கண்ணு போச்சு, பத்தாதுன்னு இதுக உசுரும் போகணுமா?"

எதைக் கேட்டாலும் ஒத்துக்கொள்வது என்று அவர் பழகிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அப்பா இல்லம்மா, நான்தான்" என்று கத்தினேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அப்பா முக்காலியை விட்டு எழுந்து வந்தார். "எம்புட்டுப் போட்ட தாயி?" என்றார்.

"எப்பவும் போடுற அளவுதான். ஒரு செறங்கை."

"கூடிப்போனாலும் நுனிதான கருகும். இப்பிடி வெளுக்காதே. எந்தப் பொட்டலம்? கொண்டா பாப்போம்."

கொண்டுவந்து கொடுத்தேன். மடித்திருந்த காகிதத்தில் ஒரு பஞ்சவர்ணக்கிளி. சிவப்பு மை தள்ளி அச்சாகி, கிளிக்கு இரண்டு மூக்கு. அப்பா அதை இடது கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது புது ஆர்டர் லேபிள்லா. அந்த வாரந்தான் அச்சாகி வந்துச்சு. இந்தப் பொட்டலம் நான் தீப்பிடிக்கதுக்கு மொத நாச் சாயங்காலம் மடிச்சது" என்றார். "புதுச் சாக்கு வந்துச்சு. வெடியுப்புன்னு எழுதியிருந்ததப் பாத்துத்தான் அவுத்தேன். அவுக்கையில சிந்துனது இது. செடிய இப்பிடி வெளுக்கவச்சுக் கொல்லுதது தீப்பெட்டி உப்புல்லா."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நர்ஸ், எதற்குப் பின் எது நடந்தது என்று கேட்டுப் பழகியவள். முதல் நாள் சாயங்காலமே சாக்கில் இருந்தது தப்பான உப்பு என்றால், மறுநாள் காலையில் அப்பா டிரம்மில் மாற்றி அள்ளினார் என்பது பொய். அப்பாவின் கை செய்தது அல்ல அது.

"மிச்சம் ரெண்டு செடி இருக்கு" என்றாள். "ஒண்ணுக்குப் பழைய பொட்டலத்து உப்பு. ஒண்ணுக்கு இந்தக் கிளிப் பொட்டலத்து உப்பு. ஒரே அளவு, ஒரே தண்ணி. பாத்துருவோம்."

"தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? இருக்கிற ரெண்டையும் ஏன் கெடுக்க?"

"எனக்குத் தெரியணும்" என்றாள் அம்மா. "மூணு மாசமா ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காமப் போனேனே, எனக்குத் தெரியணும்."

அதோடு விடவில்லை. எதிர்வீட்டுக்குப் போனாள். மாமாவின் கண்ணுக்கு இத்தனை நாளும் மருந்து போட்டுக் கட்டியது அம்மாதான். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கட்டுப் பிரிக்க மட்டும் கதவு திறக்கும். "அண்ணே, உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. அஞ்சாறு நாளு எங்க கொல்லைக்கு வந்து ரெண்டு தகரத்தப் பாத்துட்டுப் போங்க. இவுக சொன்னா நம்ப வேணாம், நான் சொன்னாலும் நம்ப வேணாம்" என்றாள். அன்று சாயங்காலமே மாமா வந்தார். அவர் கண் முன்னாலேயே இரண்டு தகரத்துக்கும் அம்மா தண்ணீர் ஊற்றினாள். தகரத்தில் சாக்கட்டியால் ஒன்று, இரண்டு என்று எழுதினாள்.

மாமா தினமும் கேட் வேலைக்குப் போகும் வழியில் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு செடியையும் பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஒரு சொல்லும் பேசாமல் போவார். அப்பா உள்ளறையில் இருந்துகொள்வார். வந்து பாருங்கள் என்று நான் கூப்பிட்டாலும் வரமாட்டார். அவருக்குப் பயம். இரண்டு செடியும் பச்சையாகவே நின்றுவிட்டால், சாக்கில் இருந்தது நல்ல உப்புதான், தப்புத் தன் கையினுடையதுதான் என்று ஆகிவிடும். நான் ஜெபம் செய்தேன். ஒரு செடி சாக வேண்டும் என்று ஜெபம் செய்த பிள்ளை எங்கள் சபையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாலாம் நாள் இரண்டாம் நம்பர் தகரத்தில் அடியிலை ஓரம் மஞ்சளாயிற்று. ஆறாம் நாள் காலை மாமா வந்தபோது, ஒன்றாம் நம்பரில் மிளகாய்ச் செடி பச்சைப்பசேலென்று புதுத் துளிர் விட்டிருந்தது, இரண்டாம் நம்பர் வெள்ளை வெளேரென்று செத்துப்போயிருந்தது.

மாமா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். வெளுத்த இலை ஒன்றைக் கிள்ளி விரலில் தேய்த்தார். "கிளிப் பொட்டலமா?" என்றார். அம்மா ஆமாம் என்றாள். "மொத நாச் சாயங்காலம் அவுத்த சாக்கா?" அதற்கும் ஆமாம் என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. சந்தோஷப்படுவார், அப்பாவைக் கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்த்து நின்றேன். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"மச்சான்" என்று அழைத்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை. அப்பா உள்ளறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"அதுக்கு ரெண்டு நாள் முன்ன மழ பெஞ்சுச்சுல்லா? ஸ்டோர்ல ஒழுகி, தீப்பெட்டி உப்புச் சாக்கு நைஞ்சு கிழிஞ்சுபோச்சு. வெடியுப்பு வந்த வெறுஞ்சாக்குல மாத்திக் கட்டுனாக. நான் லோடு எறக்கப் போயிருந்தேன். 'ஏலே, ஒரு பக்கம் பிடி'ன்னாக. சாக்கு வாயப் பிடிச்சது நான்தான் மச்சான். மேல இருக்க எழுத்த அடிச்சுருவாகன்னு நெனச்சேன். அதோட மறந்துட்டேன். உன்ன இம்புட்டு நாளு பேசாம வச்சிருந்தேனே."

அப்பா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளுத்த செடியைப் பார்த்தபடி சொன்னார்: "சாக்கப் பிடின்னா பிடிக்கத்தான செய்வோம். நீ என்ன கண்ட?"

"நாளைக்கே போய் மொதலாளிட்ட சொல்லுதேன்."

"சொல்லி? ஸ்டோர்க்காரன் தப்பும்பாக. கூடப் பிடிச்சது யாருன்னு கேப்பாக. என் வெரலும் வராது, உன் கண்ணும் வராது. இருக்க காவல் வேலையும் போயிரும். மூணு பொம்பளப் பிள்ளைகள வச்சிருக்க. பேசாம இரு."

"ஊரு உன்னயச் சொல்லுதே மச்சான்."

"எனக்கே தெரியாம இருந்துச்சு பாரு, அதுதான் தாங்கல. இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல" என்றார் அப்பா. அன்று மத்தியானம் அவர் தன் இடது கையால் தானே பிசைந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா எதிரே உட்கார்ந்து, அந்தக் காலையில் என்ன நடந்தது, முதலில் என்ன, பிறகு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைக் கூப்பிட்டு, இது இந்தச் சுவரைத் தாண்டக்கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள்.

அறுப்பின் பண்டிகை அன்று எங்களிடம் படைப்பதற்கு ஒரு பிடி பச்சை மிளகாய்தான் இருந்தது. ஆலயத்தில் பெண்கள் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா வழக்கம்போலக் கடைசிப் பெஞ்சில் தனியாக இருந்தார். முதல் பாட்டு முடிவதற்குள் மாமா முன்பெஞ்சிலிருந்து எழுந்து, எல்லாரும் பார்க்க நடந்து வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சபை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிரசங்கத்தின்போது போதகரும் அதைச் சொல்லாமல் விடவில்லை. மன்னிப்பு என்றால் என்னவென்று வேதத்தில் தேடவேண்டாம், கண்ணைப் பறிகொடுத்தவர் அதற்குக் காரணமானவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் பாருங்கள் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லட்டும், சொல்லட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்பா மூன்று விரல் கையை அவர் தொடைமேல் வைத்து அழுத்தினார். மாமா உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "நர்ஸம்மா, உங்க வீட்டுக்காரரு குடுத்து வச்சவரு. இப்பிடி ஒரு கூட்டாளி யாருக்குக் கெடைக்கும்?" என்றார் ஒருத்தர்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளில் இறுகியது.

"ஆமாக்கா" என்றாள் அம்மா, அந்தக் கூட்டத்தைத் தாண்டி அப்பாவைப் பார்த்தபடி. "நான்தான் குடுத்து வச்சவ."